ஸ்லைடு அக்காவின் தீயணைப்புப் பாடம்

அட்டைப்பெட்டி தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் ஸ்லைடு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊழியர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படிக்கவேண்டிய பயிற்சிப் பாடங்களைத் தயாரிப்பது அவள் வேலை. பாரம் தூக்குவது எப்படி, படிக்கட்டில் இறங்குவது எப்படி, கூட வேலை பார்ப்பவரிடம் மரியாதையாகப் பேசுவது எப்படி என்று எல்லாவற்றுக்கும் ஸ்லைடு ஸ்லைடாக ஒரு பாடம், கடைசியில் ஒரு க்விஸ். இது டீச்சர் வேலையா கம்ப்யூட்டர் வேலையா என்பது அவள் அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை. கேட்பவர்களிடம் அம்மா, "ஏதோ ஏசி ரூம்ல உக்காந்து பண்ற வேலை" என்று சொல்லிவைத்தாள்.

அந்த ரூமில் ஏசி கிடையாது. முன்பு பழைய பைல்கள் போட்டுவைத்த அறை அது. பயிற்சித் துறை என்பது அவள் ஒருத்திதான். துறைத் தலைவியும் அவளே, எடுபிடியும் அவளே.

யாரிடமும் கேட்க வழியில்லாததால் எல்லாவற்றையும் இணையத்திலிருந்து எடுத்துச் சேர்த்துவைத்தாள். இலவசப் படங்கள், பின்னணிக் குரல் தரும் மென்பொருள்கள், யாரோ புண்ணியவான் செய்துவைத்த டெம்ப்ளேட்டுகள். ஹெல்மெட் போட்ட மனிதர் சிரிக்கும் படம் மட்டும் அவளிடம் எல்லாக் கோணத்திலும் இருந்தது. அவளைப் போலவே பாடம் தயாரிப்பவர்களின் ஆன்லைன் குரூப் ஒன்றிலும் பல வருடங்களாக இருந்தாள். மற்றவர்கள் போடுவதை எடுத்துக்கொள்வாளே ஒழிய வாயே திறந்ததில்லை. ஒருத்தி மட்டும் இருக்கும் துறையில் அந்த ஒருத்தி கேள்வி கேட்டால், துறைக்கே ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுமே.

ஒருநாள் டீ நேரத்தில், வெந்நீர் போடும் கெட்டிலின் ஒயர் புகைந்து, பக்கத்தில் சாத்தியிருந்த அட்டைகளில் தீப்பிடித்தது. அங்கே இருந்த கணக்காளர், ஸ்டோர்கீப்பர், மேனேஜர் மூவரும் தீயணைப்புப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள். மூவரும் ஒருசேரத் திரும்பி ஸ்லைடு அக்காவைப் பார்த்தார்கள்.

அவள் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரை எடுத்தாள். பிடியை இறுக அமுக்கிக்கொண்டு, அதில் பூட்டாகச் செருகியிருந்த பின்னை இழுத்தாள். அசையவில்லை.

"முதல்ல பின்னை எடுக்கணும்னு நீங்கதான சொல்லிருக்கீங்க?" என்றார் கணக்காளர்.

"அதைத்தான் சார் எடுத்துட்டிருக்கேன்."

"அக்கா, அம்புக்குறி கீழ பாத்து இருக்கும்" என்று ஸ்டோர்கீப்பர் எடுத்துக் கொடுத்தான். அம்புக்குறி ஸ்லைடில்தான் இருந்தது, சிலிண்டரில் இல்லை.

நல்லவேளை, ஃபியூஸ் போய்விட்டது. சிமென்ட் தரையில் பற்ற வேறொன்றும் இல்லாமல் தீயே சலித்துப்போய் அணைந்தது. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாரும் கோர்ஸ் முடிச்சவங்கதான?"

"முடிச்சவங்கதான் சார்."

"அப்ப இன்னொரு தடவை முடிக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாடத்தைத் திறந்து க்விஸைப் பார்த்தாள். முதல் கேள்வி, தீயணைப்பானின் நிறம் என்ன? தலையில் அடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குரூப்பில் எழுதினாள். 'நான் பண்ண தீயணைப்புப் பாடத்துல எல்லாரும் நூத்துக்கு நூறு. இன்னைக்குத் தீப்பிடிச்சப்ப ஒருத்தருக்கும் பின் எடுக்க வரல. எனக்கும்தான்.'

அனுப்பிய கையோடு கணவனைக் கூப்பிட்டாள். "ஏங்க, போட்டுத் தொலைச்சிட்டேன்" என்றாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த கணவன், "அழிச்சிடு. இந்நேரம் யாரும் பாத்திருக்க மாட்டாங்க" என்றான்.

அழிக்கப் போகும்போதே பதில் வந்துவிட்டது. வேறொரு நாட்டில் ஆஸ்பத்திரி ஒன்றில் பாடம் தயாரிக்கும் அம்மாள் எழுதியிருந்தார். 'பிடியை அமுக்கிட்டே இழுத்தீங்களா? நானும் அதேதான் பண்ணேன். அமுக்கினா பின் சிக்கிக்கும். சிலிண்டரைக் கீழ வச்சு, பிடியைத் தொடாம இழுக்கணும்.' ஒருவர், எழுத்தைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர் சிவப்பில் ஒரு டெம்ப்ளேட் அனுப்பினார். ஆஸ்பத்திரி அம்மாள் மட்டும் விடவில்லை. 'சிலிண்டரை மறுபடி நிரப்ப எடுத்துட்டுப் போறப்ப எப்படியும் உள்ள இருக்கறதக் காலி பண்ணுவாங்க. அதை உங்க ஆளுங்க கையால காலி பண்ணுங்க. படிச்சதெல்லாம் போதும்.'

மறுநாள் அவள் மேனேஜரிடம் போய், "இதுக்கு ஸ்லைடு வேண்டாம் சார்" என்றாள். ஸ்லைடுகளை வைத்தே பிழைப்பு நடத்தியவள், சிலிண்டர் நிரப்பும் ஆளை வரவழைக்கச் சொன்னாள்.

சிலிண்டர் நிரப்பும் ஆள், கார் நிறுத்துமிடத்தில் ஒரு தகரத் தட்டில் தீ மூட்டிக் கொடுத்தார். கணக்காளர் கண்ணை மூடிக்கொண்டு, குழாயை மேலே தூக்கி வானத்தை அணைத்தார். இரண்டாவது முறை தீ அணைந்தது. ஸ்டோர்கீப்பர் அணைத்துவிட்டு, இன்னொரு தீ கேட்டான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் நின்ற மேனேஜர் தூள் படிந்து தலைமுதல் கால்வரை வெள்ளையாகி, அப்படியே அடுத்த மீட்டிங்குக்குப் போனார். கடைசியாக ஸ்லைடு அக்கா பிடியைத் தொடாமல் பின்னை இழுத்தாள். வெண்ணெயில் செருகியிருந்ததுபோல வந்துவிட்டது. 'இவ்வளவுதானா' என்று தோன்றியதில் சந்தோஷமும் இருந்தது, அழுகையும் இருந்தது. தூள் பட்டுவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் ஸ்லைடு திறக்கப்படாததால், கம்பெனி கம்ப்யூட்டர் எல்லோரையும் பயிற்சி பெறாதவர்கள் என்று காட்டியது. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. இந்தமுறை அவள் தயங்காமல் குரூப்பில் கேட்டாள். 'ஒரே ஸ்லைடு, ஒரே கேள்வி போதும்' என்று பதில் வந்தது. அப்படியே செய்தாள். கார் நிறுத்துமிடத்தில் தீயை அணைத்தீர்களா? ஆம், இல்லை.

எல்லோரும் தேறினார்கள். கணக்காளர் மட்டும் வானத்தை அணைத்ததையும் சேர்த்து யோசித்துப் பார்த்து, நேர்மையாக 'இல்லை' என்று அழுத்திவிட்டார். அவர் மறுபடி எழுதவேண்டி வந்தது.