நேருக்கு நேர் வந்த ஊர்வலங்கள்

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்ச் சோளக் கிடங்கில் லாரிகளை எடை போடுபவள் டார்லீன் குபிசெக். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தை நடத்துவதும் அவள்தான். கணவர் இறந்த வருடம், வேறு யாரும் முன்வராததால் ஏற்றுக்கொண்டாள். அப்புறம் அந்த வேலையைத் திருப்பித் தாருங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

போன வருடம் ஊர்வலத்தின் முன்னால் பிடிக்கும் துணியில் என்ன எழுதுவது என்று சண்டை வந்தது. இந்த நாடு எதற்காக இருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டுமாம். விவசாயி ராட் ஸ்டெலிக் 'சுதந்திரம்' என்றான். பள்ளி ஆசிரியை மரிசோல் இபார்ரா 'அனைவருக்கும் நீதி' என்றாள்.

"சுதந்திரம்னா யாருக்கு, ராட்? கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்."

"எல்லாருக்கும்தான் டீச்சர். உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி!"

"ரெண்டையும் எழுதிடறேனே, துணி நீளமாத்தான் இருக்கு" என்றாள் டார்லீன்.

"முடியாது" என்றார்கள் இருவரும். அன்றைய கூட்டத்தில் அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

கடைசியில் இரண்டு ஊர்வலங்கள் என்று முடிவானது. காலையில் ராட் கூட்டம் வடக்கிலிருந்து. அது முடிந்தபின் மரிசோல் கூட்டம் தெற்கிலிருந்து. வீட்டுக்குப் போகும் வழியில் டார்லீன் என்னிடம், "நாமெல்லாம் ஒரே நாடுன்னு நெனச்சது வெறும் பழக்கம்தானோ?" என்று கேட்டாள்.

ஜூலை நான்காம் தேதி காலையில் ராட்டின் டிராக்டர் கிளம்ப மறுத்து, வெகுநேரம் தாமதமானது. வெயிலில் பிள்ளைகள் வாடுகிறார்களே என்று மரிசோல் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். இரும்புக் கடைக்கு முன்னால் இரண்டு ஊர்வலங்களும் முட்டிக்கொண்டு நின்றன. ராட்டின் டிராக்டருக்குப் பின்னால், திருப்ப முடியாத நீண்ட டிரெய்லர். அதில் முன்னாள் ராணுவத்தினர். மரிசோல் பின்னால் பேண்டு வாத்தியக் குழு, அதற்கும் பின்னால் குதிரைகள்.

"கொஞ்சம் பின்னால போங்க டீச்சர்."

"பின்னால குதிரை நிக்குது. நீங்களே அதுங்ககிட்ட சொல்லிப் பாருங்க."

டிரெய்லரிலிருந்து கிழவர் ஹார்லன் கத்தினார்: "அடேய், நான் ஒண்ணுக்குப் போகணும்! சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்கடா!"

தெருவே சிரித்தது. டார்லீன், தினமும் லாரிக்காரர்களை அதட்டும் குரலை எடுத்தாள். "ராட், டிரெய்லரைக் கழட்டு! மரிசோல், பேண்டை பேங்க் பக்கம் ஒதுக்கு! சும்மா நிக்கறவங்க எல்லாம் வந்து தள்ளுங்க!"

மரிசோல் கைபிடித்து ஹார்லனை இறக்கி, கடைக்குள் கூட்டிப்போனாள். மற்ற கிழவர்களும் இறங்கியதும் இரண்டு கூட்டமும் சேர்ந்து டிரெய்லரை சர்ச் வளாகத்துக்குள் தள்ளியது. வழி பிறந்தபோது யார் எந்த ஊர்வலம் என்று பிரிக்க முடியவில்லை. டிராக்டருக்குப் பின்னால் பேண்டு வாசித்துக்கொண்டு போனது; ராணுவத்துக் கிழவர்கள் குதிரைக்காரர்களோடு பேசிக்கொண்டே நடந்தார்கள்.

மாலை விருந்தில் ராட்டும் மரிசோலும் உருளைக்கிழங்கு சாலட்டை நடுவில் வைத்துக்கொண்டு மறுபடி வாதாடினார்கள். ஆனால் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து.

"நமக்கெல்லாம் ஒரே எண்ணம்னு இனிமே சொல்லமாட்டேன்" என்றாள் டார்லீன். "ஆனா அந்தக் கிழவரை இறக்கறதுல யாரும் கட்சி பாக்கல."

"அது போதுமா?" என்று கேட்டேன்.

"போதாது. இன்னைக்கு அதான் கெடச்சுது."

செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, வாணவேடிக்கை தொடங்குமுன்பே நாற்காலியில் தூங்கிப்போனாள். நாங்கள் யாரும் எழுப்பவில்லை.