பிரிட்ஜ் எதிர்வீட்டுக்குப் போன நாள்

அக்காவுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாமா என்று பார்க்கச் சென்னையிலிருந்து வீட்டுக்கே ஆள் வருகிறார்கள் என்றதும், அப்பா முதலில் செய்த காரியம் எங்கள் பிரிட்ஜை எதிர்வீட்டுக்கு அனுப்பியதுதான். ஸ்காலர்ஷிப் என்றால் இல்லாதவர்களுக்கு என்பது அவர் முடிவு. தெருவே பார்க்க அதைத் தூக்கிப்போனார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. யாராவது கேட்டால் காலையில் பழைய சோறு சாப்பிட்டேன் என்று சொல்லவேண்டும் என்பது அம்மா எனக்குக் கொடுத்த வேலை. சாப்பிட்டதென்னவோ பூரி.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "இது ஏழைங்களுக்குன்னு குடுக்கறது இல்லப்பா. ஊருக்கு ஏதாவது செய்யற பசங்களைப் படிக்கவச்சு, பெரிய பொறுப்புக்குத் தயார் பண்றாங்க." அப்பா காதில் வாங்கவில்லை. சென்னைக் காலேஜ் ஃபீஸ் எங்களால் ஆகாது. இது கிடைக்காவிட்டால் அவள் படிப்பு அதோடு சரி.

எங்கள் தெரு கிரிவலப் பாதையில் போய்ச் சேரும். பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அன்னதானத் தட்டும் டீக் கப்பும் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கும். அக்கா தெருப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வாருவாள். அன்னதானம் போடுகிறவர்களிடம் சண்டை போட்டு குப்பைக்கு ஆளுக்கொரு சாக்கு கட்ட வைத்தாள். நகராட்சி வண்டியைத் தெருவுக்குள் வரவழைத்தாள். நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்றுவேன். அதைவிட சந்தோஷமான காலை எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

வந்தவர்கள் இரண்டு பேர், ஒரு சாரும் ஒரு மேடமும். வெயிலில் வந்த மேடம் தண்ணீர் கேட்டார். அம்மா எழுந்திருப்பதற்குள், வாசலில் நின்ற எதிர்வீட்டு அத்தை ஜில்லென்று ஒரு பாட்டிலோடு வந்துவிட்டார்.

"குடிங்க மேடம், இவங்க பிரிட்ஜ் தண்ணிதான். நேத்துல இருந்து எங்க வீட்லதான் இருக்கு."

அப்பா தரையைப் பார்த்தார். மேடம் சிரித்துக்கொண்டே குடித்தார். அதன்பிறகு எங்கள் வசதியைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. தெருவைப் பற்றியேதான் கேட்டார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா சென்னைக்கு வந்துட்டா, இங்க இதெல்லாம் யாரு பாத்துப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன்" என்றேன். "அக்கா படிச்சிட்டுத் திரும்பி வர்ற வரைக்கும்."

மேடம் என் கன்னத்தைத் தட்டினார். அவர் முகத்தைப் பார்த்ததுமே கிடைத்துவிட்டது என்று தெரிந்தது. அக்கா விருட்டென்று உள்ளே போனாள். போய்ப் பார்த்தால் அடுப்படியில் அழுதுகொண்டிருக்கிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"மூணு வருஷம்தானேக்கா?" என்றேன். அவள் என் தலையைக் கோதிவிட்டாள். ஆமாம் என்று சொல்லவில்லை.

இப்போது அவள் வேறொரு பெரிய நகரத்தில் வார்டு வார்டாக அலைந்து வேலை பார்க்கிறாள். அவள் சொன்னால் அதிகாரிகள் கேட்கிறார்கள் என்கிறார்கள். தீபத்துக்கு வந்தால் இரண்டு நாள் இருப்பாள். எனக்கு அது போதவே போதாது. இப்படித்தான் ஆகும் என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான், நான் பாத்துக்கறேன் என்ற அந்த ஒரு பதிலில் அவளை ஒரேயடியாக அனுப்பிவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.