அக்காவை வரைந்த வரைபடம்

முப்பத்தோரு வருடம் நான் ஒரு நில அளவையாளரின் ஆபீசில் பிளான் வரைந்தேன். பினாங்கு ஜார்ஜ் டவுனில் இரண்டு கடைவீடுகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் யாருடையது என்று சண்டை வந்தால், நான் போட்ட கோட்டைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். கோடு ஒரு நூல் விலகினாலும் வக்கீல் கடிதம் வந்துவிடும். காலையில் பென்சிலைச் சீவும்போதே எனக்குத் தோள் இறுகிவிடும்.

நாற்பது வயது வாக்கில், ஒரு சனிக்கிழமை, பழைய போஸ்ட்கார்டும் படங்களும் விற்கும் ஒரு சந்துக் கடையில் அந்த ஐரோப்பா வரைபடத்தைப் பார்த்தேன். நாடுகள் இருக்கவேண்டிய இடத்தில் ஆட்கள் இருந்தார்கள். இங்கிலாந்து ஒரு சிடுமூஞ்சிக் கிழவி. அவள் கையில் இருந்த கயிற்றின் மறுமுனையில் நாய் மாதிரி அயர்லாந்து. பிரஷ்யா தொப்பை பெருத்த ஒருவன், ஆஸ்திரியாவின் மேல் முழங்காலை ஊன்றியிருந்தான். துருக்கி குழாயில் புகை இழுத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தது. எல்லைக்கோடு என்று தனியாக எதுவும் இல்லை. ஒருவன் முதுகு எங்கே முடிகிறதோ அங்கே அடுத்தவன் மூக்கு ஆரம்பித்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் பக்கத்து ஊர்க்காரர்களை எல்லாம் கேலி செய்து வரைந்து, அதை அச்சடித்து விற்றும் இருக்கிறான். கடைக்குள் நின்றபடியே நான் வாய்விட்டுச் சிரித்தேன். கடைக்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

அப்படித்தான் சேகரிக்க ஆரம்பித்தேன். நாய்களாக வரைந்த போர்க்கால வரைபடம், சிங்கமாக வரைந்த ஹாலந்து, ரஷ்யாவை ஆக்டோபஸாக வரைந்த ஒன்று, பிறகு அதையே பார்த்து வேறு ஆட்கள் வரைந்தவை. பினாங்கின் ஈரக்காற்று பழைய காகிதத்துக்கு எமன். பழுப்புப் புள்ளிகள் பரவும், மடிப்பில் பூஞ்சை பிடிக்கும். படுக்கையறையில் ஒரு அகலமான இழுப்பறைப் பெட்டி வாங்கி, ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை இருபத்துநாலு மணி நேரமும் ஓட விட்டேன். என் மனைவி அந்தச் சத்தத்துக்குப் பழகிக்கொண்டாள். ஆனால் வரைபடங்களை அவள் ஒருமுறைகூடக் குனிந்து பார்த்ததில்லை. "வெள்ளக்காரன் சண்டைய வாங்கி வீட்டுல வெச்சிருக்கீங்க" என்பாள்.

பார்த்தது அக்கா மட்டும்தான்.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். எதிர்க்கரையில், நிபோங் திபால் பக்கத்துப் பைராம் தோட்டத்தில் பிறந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு அவள் நிபோங் திபாலிலேயே தங்கிவிட்டாள். மாதம் ஒரு தடவையாவது கோமுட்டர் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி பிடித்து, இரண்டு பெரிய பைகளோடு எங்கள் பிளாட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு பையில் முருங்கைக்கீரை, மற்றதில் நெத்திலி சம்பால். வந்தவுடன் என் மனைவியின் அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பாள், என் மருந்து டப்பாவை எண்ணுவாள், பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "புதுசா என்னடா வாங்குன? காட்டு" என்பாள்.

ஐரோப்பாவின் சரித்திரம் அவளுக்குத் தெரியாது. ஆனால் முகங்களைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவாள். "இவன் கடன் வாங்கிட்டு முகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கிறான் பாரு." "இது நம்ம சித்தப்பாதான்லா, அதே மீசை." சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்தத் தண்ணீர் காகிதத்தில் விழுந்துவிடுமோ என்று நான் அவள் தலையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறேன்.

அவளுக்கு அறுபது வயது ஆனபோது என்ன கொடுப்பது என்று யோசித்தேன். புடவை எல்லாரும் கொடுப்பார்கள். நான் மட்டும் கொடுக்கக்கூடிய ஒன்று இருந்தது.

ஆறு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். பினாங்குத் தீவும் எதிர்க்கரையும். ஊர்களுக்குப் பதிலாக எங்கள் குடும்பம். தீவின் வடகிழக்கு மூலையில் நான், என் மூக்கு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்க, கையில் பூதக்கண்ணாடி. பாலிக் பூலாவில் எங்கள் தங்கை, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக் கோபித்துக்கொண்டு. புக்கிட் மெர்தாஜாமில் தம்பி, வாய் பிளந்து தூங்குகிறான். கீழே, தெற்கில், நிபோங் திபாலில் அக்கா. அவளுக்கு எட்டுக் கைகள் வரைந்தேன். ஒரு கை கடலைத் தாண்டும் பத்து காவான் பாலத்தின் மேல் ஊர்ந்துவந்து என் வீட்டுச் சோற்றுப்பானையைத் திறக்கிறது. இன்னொன்று தம்பியின் போர்வையை இழுக்கிறது. ஒன்று தங்கையின் காதைத் திருகுகிறது. வேறொன்று அத்தானின் சட்டைப் பையில். அவள் முகத்தை மட்டும் மூன்று முறை அழித்து வரைந்தேன். நான்காவது தடவை சரியாக வந்தது. என் வாழ்க்கையில் நான் வரைந்ததிலேயே நல்ல வரைபடம் அதுதான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், அதுதான் கொடுமை.

பிறந்தநாள் விருந்து நிபோங் திபாலில், அவள் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, மதியச் சாப்பாட்டோடு நடந்தது. கேக் வெட்டியபிறகு நான் சுருளைப் பிரித்தேன். கூடாரமே அதிரும்படி ஒரு சிரிப்பு. தம்பி தூங்குவதைப் பார்த்து அவன் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தங்கைகூடச் சிரித்தாள். "ஆக்டோபஸ் அக்கா!" என்று தம்பி கத்தினான். யாரோ படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அதுவே குரூப்பின் படமாகிவிட்டது. நான்கைந்து வாரம் வரை, அக்கா குரூப்பில் என்ன எழுதினாலும் யாராவது ஒரு ஆக்டோபஸ் ஸ்டிக்கரைப் பதிலாகப் போட்டார்கள். நானும் போட்டேன்.

அக்காவும் அன்றைக்குச் சிரித்தாள். "என் மூக்க இவ்ளோ பெருசா போட்டுட்டியேடா" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

ஒரேயடியாக நின்றிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். முதலில் ரயிலில் கூட்டம் என்றாள், பிறகு முழங்கால் வலி என்றாள். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமைக் காலை அவளிடமிருந்து வரும் போன் குறைந்து, நின்றே போனது. மருந்து சாப்பிட்டாயா என்று யாரும் கேட்காத காலைகள் எனக்குச் சுகமாக இருந்தன என்பதையும் நான் இங்கே எழுதவேண்டும். மனைவிதான் முதலில் கவனித்தாள்.

"அண்ணி போனே பண்றதில்லையே. என்னன்னு கேட்டீங்களா?"

"பேரப்பிள்ளையோட பிஸியா இருப்பா."

தீபாவளிக்கு வந்தாள். முறுக்கு டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, விருந்தாளி மாதிரி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சமையலறைப் பக்கம் போகவில்லை. நான் ரொம்ப நாள் தேடிய ஒரு வரைபடம் அந்த வருடம்தான் கிடைத்திருந்தது. அதன் படத்தை முன்பே அவளுக்கு அனுப்பியிருந்தேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. "அக்கா, அது வந்துடுச்சு, பாக்குறியா?" என்றேன். "இன்னொரு நாள் பாக்குறேன் தம்பி, அத்தான் வெயிட் பண்றாரு" என்று எழுந்துவிட்டாள். என்னிடம் அவள் எப்போதும் டா போட்டுத்தான் பேசுவாள். அவள் என்னைத் தம்பி என்றதை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை.

அடுத்த வருடம் மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்காவின் மகள் பத்து காவானில் தான் வேலை செய்யும் ஃபேக்டரியிலிருந்து போன் செய்தாள்.

"மாமா, அம்மாவ ஆஸ்பத்திரில சேத்திருக்கு. அம்மா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க. எனக்கே போன வாரந்தான் தெரியும்."

வயிற்றில் கட்டி. ஐந்து மாதமாக அத்தானுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தலைவலி என்றாலும் முதலில் தெரிந்துகொள்ளும் அக்கா, தன் வயிற்றுக்குள் இருந்ததை எங்கள் யாருக்கும் சொல்லவில்லை.

பார்வையாளர் நேரத்துக்கு முன்பே போய் வார்டு வாசலில் நின்றேன். உள்ளே அவள் படுக்கையைத் தாண்டிப் போய்விட்டேன். அத்தான் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினேன். அவள் பாதியாகியிருந்தாள். நான் மூன்று முறை அழித்து வரைந்த அந்த முகம் அங்கே இல்லை.

"ஏன்க்கா சொல்லல?"

அத்தான் தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார்.

"நான் யார் வீட்டுக்குள்ளயும் போகக்கூடாதுன்னு இருந்தேன். அப்படி இருக்கும்போது, என் வீட்டு விஷயத்துக்கு மட்டும் உங்கள எப்படிக் கூப்பிடுறது?"

"அந்தப் படமா அக்கா? அது சும்மா ஜோக்குலா."

"நீதான்டா சொன்ன. ரஷ்யாக்காரன் படத்தக் காட்டுனப்ப கேட்டேன், ஏன்டா இவன இப்படிப் போட்டிருக்காங்கன்னு. பிடிக்காதவனத்தான் ஆக்டோபஸா போடுவாங்க, எல்லா எடத்துலயும் கைய விடுறவன்னு நீதான் சொன்ன. இங்க்லீஷ்காரன் போட்டாலும் ஜெர்மன்காரன் போட்டாலும் அதுக்கு ஒரே அர்த்தந்தான்னு சொன்ன."

சொல்லியிருந்தேன். வருடக்கணக்கில் நான் அவளுக்குக் காட்டிக்காட்டி விளக்கியதெல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்த வரைபடங்களைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள். மற்றவர்கள் கைகளை எண்ணிச் சிரித்தார்கள். அவள் மட்டும்தான் அதைச் சரியாகப் படித்தாள்.

"அத கிழிச்சிப் போட்டுடுறேன் அக்கா. எங்க இருக்கு?"

"கிழிக்காத. நல்லா வரைஞ்சிருக்க. எல்லார் மூஞ்சியும் அப்படியே இருக்கு. அதான் கஷ்டமா இருந்துச்சு."

நான் அவள் கால் பக்கம் தலையை வைத்து அழுதேன். பக்கத்துப் படுக்கை மலாய்க்கார அம்மா திரையை மெதுவாக இழுத்து மூடினார். அக்கா என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. "எழுந்திரு, நர்ஸ் வருது" என்றாள்.

அதன்பிறகு பதினெட்டு நாள். தினமும் போனேன். ஒருநாள் அந்தப் புது வரைபடத்தைக் கண்ணாடித்தாளுக்குள் வைத்து எடுத்துப்போனேன். அவள் அதைப் பார்த்தாள். விரலால் ஓரமாகத் தடவினாள். எந்த முகத்தைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை. களைப்பாக இருந்திருக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அத்தான் அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று எங்கள் குடும்பம் எவ்வளவு தடுமாறியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஐயருக்கு யார் சொன்னது, வாழையிலை யார் வாங்குவது, தங்கையை யார் அழைத்துவருவது, ஒன்றும் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் தயிர் வாங்கிவந்தார்கள், உப்பு இல்லை. கூடாரத்தில் நாற்காலிகள் இருந்தன, ஆனால் யாரும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

வரைபடங்கள் இழுப்பறைக்குள்தான் இருக்கின்றன. விற்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. ஒருமுறை பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்கத் திறந்தேன். அந்தத் தொப்பைக்காரனும் அந்தக் கிழவியும் மல்லாந்து கிடந்தார்கள். இருபது வருடமாக நான் வரைந்தவனின் பக்கத்தில் உட்கார்ந்தே இவற்றைப் பார்த்திருக்கிறேன். வரையப்பட்டவர்கள் வீட்டில் இந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தபோது என்ன ஆனது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பூஞ்சை இல்லை. மூடிவைத்தேன்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கைக்குப் போன் செய்தேன். காரியத்துக்குப் பிறகு நாங்கள் பேசியிருக்கவில்லை. எடுத்தவுடன் பதறிக் கேட்டாள்.

"என்னண்ணே? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒன்னும் இல்ல. சும்மாதான் பண்ணுனேன்."

"சும்மாவா?"

"ஆமா. சாப்டியா?"

அவள் பக்கம் டிவி ஓடுவது கேட்டது. பிறகு, "இப்பதான் அடுப்புல வெச்சிருக்கேன்" என்றாள். அடுத்து என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. சரிண்ணே, வைக்கட்டுமா என்று கேட்டாள். சரிம்மா என்றேன். இரண்டு பேரும் உடனே வைக்காமல், கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.