ஸ்லேவ் சிலிண்டரில் காற்று

1. கசிவு

பிரபு பெங்களூருக்குப் பஸ் ஏறிய வாரத்திலேயே அந்த வண்டி வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் வெளிநாட்டு பைக் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களை நம்பித்தான் நானும் பிரபுவும் டிப்ளமோ முடித்த கையோடு கணபதியில் ஒரு சந்துக்குள் ஷெட் போட்டோம். ஷெட்டுக்கு வேலை வருவதற்குள் அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது. எனக்கும் அங்கே ஓர் இடம் பேசி வைத்திருப்பதாகவும், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

வண்டியின் சொந்தக்காரர் ஆர்.எஸ்.புரத்தில் குடியிருந்த ஸ்பின்னிங் மில் முதலாளி, ஜெகந்நாதன். டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"ஏனுங்க தம்பி, இதுக்குக் கிளட்ச் கேபிளே இல்லீங்களாமா? பாக்கற மெக்கானிக்கெல்லாம் கேபிளத் தேடிப்போட்டு ஓடிப்போயிடறானுங்க."

"ஹைட்ராலிக் கிளட்ச்சுங்க சார். கேபிளுக்குப் பதிலா ஃப்ளூயிடு தள்ளும்."

"ஞாயித்துக்கிழமை நாங்க சத்தி போயித் திம்பம் மலை ஏறோணும். ஓடுச்சுன்னா எங்க கூட்டாளிக வண்டியெல்லாம் உங்களுக்குத்தான். இல்லீனா லாரில ஏத்தி மெட்ராசுக்கே உட்டுபோடறேன்."

எனக்கு அதுவே கெடு ஆகிவிட்டது. ஓடினால் ஷெட் இருக்கும். ஓடாவிட்டால் பெங்களூர்.

கிளட்ச் லீவரைப் பிடித்தால் தண்ணீருக்குள் கை விட்டதுபோல ஹேண்டில்பார் வரை போனது. இன்ஜினின் இடப்பக்கம், செயின் ஸ்ப்ராக்கெட் கவருக்குப் பின்னால் ஸ்லேவ் சிலிண்டர் இருக்கும். லீவரிலிருந்து இறங்கி வரும் ஃப்ளூயிடு அதற்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் ஒரு ராடைத் தள்ளும். ராடு கிளட்ச்சைப் பிரிக்கும். கவரைக் கழற்றினால் உள்ளே செயின் கிரீசும் ஃப்ளூயிடும் குழைந்து களியாகக் கிடந்தன. பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் சீலின் உதடு கிழிந்துபோயிருந்தது. சிலிண்டரின் போர், அதாவது உள்துளை, நன்றாக இருந்தது, கீறல் இல்லை. அதைப் பார்த்ததும் "தப்பிச்சோம்டா" என்று சத்தமாகச் சொன்னேன். பதில் வராதபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

2. பம்ப்செட் ரப்பர்

புது சீல் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். அதற்கெல்லாம் நேரமில்லை. எங்கள் ஊரில் இதற்கு ஒரே ஒரு புத்திதான் உண்டு: கிடைக்காவிட்டால் செய். ஆவாரம்பாளையத்தில் பம்ப்செட்டுக்கு சீல் வார்க்கும் ஒருவரிடம் பழைய சீலைக் கொண்டுபோனேன். அவர் அதை நகத்தால் கிள்ளிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வாங்க, அச்சு அசலா ஊத்திபோடலாம். நம்ம ரப்பரு ஆயில்ல கொதிக்க வெச்சாலும் அசையாதுங்க" என்றார்.

அது பொய்யில்லை. டீசலிலும் இன்ஜின் ஆயிலிலும் அந்த ரப்பர் வருஷக்கணக்கில் நிற்கும். பூட்டி, ஃப்ளூயிடு ஊற்றி லீவரை அடித்துப் பார்த்தேன்; உள்ளே காற்று இருந்தும் பாதி பிடித்தது. மறுநாள் காலை வண்டியை ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் அலறுகிறது, சக்கரம் மட்டும் சோம்பேறித்தனமாக உருளுகிறது. கிளட்ச் ஸ்லிப். கழற்றிப் பார்த்தால் சீல் மழையில் நனைந்த கொண்டைக்கடலை மாதிரி ஊதி, பிஸ்டனைத் திரும்ப விடாமல் கவ்விக்கொண்டிருந்தது. பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஊற்றும் ஃப்ளூயிடு பெட்ரோலிய வம்சம் அல்ல. ஆயிலுக்கு அசையாத ரப்பர் அதில் ஊறிப்போகும். அதற்கென்று வேறு ரப்பர் இருக்கிறது. பம்ப்செட்டிலேயே வளர்ந்த ஊரில் இந்தத் தப்பு யாருக்கும் வரும்.

அந்த வேறு ரப்பர் லாரி பிரேக்கில் இருக்குமே என்று உறைத்தது. உக்கடத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கடையாக ஏறி இறங்கினேன். போரின் குறுக்களவு ஒன்றரை அங்குலம். ஒரு லாரியின் பிரேக் வீல் சிலிண்டருக்குள் இருக்கும் கப், அதாவது கிண்ணம் போன்ற ரப்பர், அதே அளவில் கிடைத்தது. உருவம்தான் வேறு. பிஸ்டனின் முகத்தைக் கடைசலில் கொடுத்து, கப் உட்காரும்படி மாற்றினேன். அரை நாள் வேலை. கச்சிதமாக உட்கார்ந்தது. கடைசல் பட்டறையில் இருந்தவரிடம் காட்டினேன். "ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஜாப்பை எடுத்துக்கொண்டார்.

3. ஆள் தேவை

இனி பாக்கி பிளீடிங், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. லீவரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரில் இருக்கும் சின்னத் திருகு வாயை, நிப்பிளை, திறந்தால் காற்றுக் குமிழ் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் லீவரை விட வேண்டும். மேலே ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் டப்பாவில் ஃப்ளூயிடு குறையாமலும் பார்க்க வேண்டும்.

லீவரும் நிப்பிளும் ஒரே பக்கம் என்பதால் தனி ஆளாகச் செய்துவிடலாம் என்று இறங்கினேன். கை எட்டியது. கண் எட்டவில்லை. நிப்பிளைப் பார்த்துக் குனிந்திருக்கும்போது மேலே டப்பா வற்றி மறுபடி காற்றை இழுத்துவிடும். மறுபடி முதலிலிருந்து. சனிக்கிழமை மத்தியானம் வரை இதே கதை.

ஷெட் கதவில் நிழல் விழுந்தது. பக்கத்து யூனிட்டில் மோட்டாருக்கு வைண்டிங் சுற்றும் மரகதம் அக்கா, சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார். வணக்கத்தோடு சரி, அதற்கு மேல் அவரிடம் நான் பேசியதில்லை.

"ஏனுங்க தம்பி, காத்தாலருந்து 'அமுத்து, புடி, உடு'ன்னு ஆரையோ வெரட்டீட்டு இருக்கறீங்க. எட்டிப் பாத்தா ஒரு ஆளையும் காணமுங்க. எங்க யூனிட்ல எல்லாரும் உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சுன்னு பேசிக்கறாங்க."

நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ரெண்டு ஆள் வேலைங்கக்கா."

"அதுக்கு ஒரு வார்த்தை கூப்பிடோணும். செவுத்துக்கு அந்தப்பக்கம் எட்டுப் பேரு உக்காந்திருக்கறோம்."

ஸ்டூலைப் போட்டு அவரை லீவரிடம் உட்கார வைத்தேன். பெயின்டில் ஃப்ளூயிடு பட்டால் தோலுரிந்துவிடும் என்று டேங்க்கின் மேல் ஈரத்துணி போர்த்தினேன். டப்பாவில் கோடு வரை ஃப்ளூயிடு இருக்க வேண்டும் என்று காட்டினேன்.

"சுத்து எண்ணிச் சுத்தறவளுக்கு இது ஒரு வேலைங்களா?" என்றார். கொஞ்ச நேரத்தில், "உங்ககூட ஒரு தம்பி இருந்தாரே, எங்கீங்க?"

"பெங்களூர்ல வேலைங்க."

"எப்ப வாராராமா?"

"வர மாட்டானுங்க."

அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, எனக்குள்ளும் சொல்லிக்கொண்டதில்லை. ஸ்பேனரோடு குனிந்தபடியே இருந்தேன். அக்கா நிமிர்ந்து பார்க்கச் சொல்லவில்லை.

"செரி," என்றார். "அமுத்தட்டுங்களா?"

குமிழ் பெரிதாக வந்தது, சிறிதானது, நின்றது.

"தம்பி, இப்பக் கெட்டியாயிருச்சுங்க. கையத் திருப்பித் தள்ளுது."

எழுந்துபோய்ப் பிடித்துப் பார்த்தேன். உண்மைதான். கைகுலுக்குவது போலத் தள்ளியது. அக்கா விரலில் பிசுக்குப் போகத் துணியில் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன சோற்றோடு யூனிட்டுக்குப் போய்விட்டார்.

4. ஞாயிற்றுக்கிழமை

ஜெகந்நாதன் திம்பம் ஏறி இறங்கி, மாலையில் நேராக ஷெட்டுக்கே வந்தார். "கொண்டை ஊசி ஒவ்வொண்ணுலயும் கிளட்ச் வெண்ணையாட்ட இருந்துதுங்க. எம்பட கூட்டாளிக வண்டி மூணு வருது, எடம் பண்ணி வைங்க" என்றார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. போய்விட்டார்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

"பிரபு, அந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு. ஸ்லேவ் சிலிண்டர் முடிச்சுட்டேன்டா! லாரிக் கப்பு போட்டு, பிஸ்டன் முகத்தக் கடைஞ்சு..."

"சூப்பர்டா. ரூம்ல ஆளுக வந்திருக்காங்க, அப்புறம் பேசட்டுமா?"

திரும்பி வந்தேன். வைண்டிங் யூனிட் பூட்டியிருந்தது, ஞாயிறு. துடைத்து வைத்த ஸ்பேனர்களை எடுத்து மறுபடி துடைத்தேன்.

ஷெட் போட நினைக்கும் தம்பிகள் இன்று என்னிடம் வந்து எந்த டூல் வாங்குவது, எந்த ரப்பர் எதில் ஊறும் என்று கேட்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே இதையும் சொல்கிறேன்: வேலை கெட்டுப்போகிற நாளில் உங்களோடு பேச யாராவது வந்துவிடுவார்கள். நன்றாக முடிகிற நாளில்தான் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அந்தச் சாயங்காலத்தைத் தாங்க முடிந்தால் ஷட்டரைத் தூக்குங்கள்.