கூட்ட அறிக்கையில் ஏறிய சொல்

வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாக இருக்கும் எங்கள் குளத்துத் தண்ணீரில் வயல் செய்பவர்களுக்கு ஒரு கமக்காரர் அமைப்பு உண்டு. நான் அதன் செயலாளராகத் தெரிவான நாளை என் டயறியில் இப்படி எழுதியிருக்கிறேன்: பிற்பகல் மூன்று பத்து. வந்தோர் முப்பத்தொருவர். எதிர்ப்பு இல்லை. வாழ்த்து ஒன்று.

அந்த வாழ்த்தைச் சொன்னவர் வாய்க்காலின் முதல் வயல்காரர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். பெரிய குரல்.

"தோட்டக்காட்டுப் பிள்ளையெண்டாலும் எழுத்து முத்து மாதிரி. நல்ல தெரிவு!"

எல்லாரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் இரண்டு முறை தட்டிவிட்டேன்.

என் பெற்றோர் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து இங்கே காடு வெட்டியவர்கள். நான் பிறந்தது இங்கே. தேயிலைச் செடியை முதன்முதலில் பார்த்தது முப்பத்திரண்டாம் வயதில், ஒரு சுற்றுலாவில், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு. ஆனாலும் பள்ளிக்கூடத்திலும் கடையிலும் கலியாண வீட்டுப் பந்தியிலும் 'தோட்டக்காடு' என்ற அந்த இளக்காரச் சொல் என்னோடு கூடவே வந்தது. எனக்கு அது பழகிவிட்டது. கவலை வேறு. எங்கள் ஆட்கள் பன்னிரண்டு குடும்பம். எல்லாருடைய வயலும் வாய்க்காலின் கடைசியில். கூட்டத்திலும் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். வாய் திறந்தால் அந்தச் சொல் வந்து விழும் என்பதால் தண்ணீர் கேட்கமாட்டார்கள். அவர்கள் கேட்கவேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

மழையில்லாத சிறுபோகத்தில் ஒருநாள் அவர்களில் ஒருவர் எழும்பி, தங்கள் முறையன்று தண்ணீர் கடைசிவரை வரவில்லை என்றார். முதல் வயல்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தோட்டக்காட்டாருக்கு வரம்பு கட்டத் தெரியாது. தண்ணி விட்டென்ன, விடாட்டியென்ன?"

மண்டபம் சிரித்தது. எழும்பியவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

எனக்கு முன்பிருந்த செயலாளர் இப்படியான இடங்களில் 'சிறு விவாதம் நடைபெற்றது' என்று எழுதுவார். எனக்கு அப்படி எழுத வராது. யார் சொன்னார், என்ன சொன்னார், சொல்லுக்குச் சொல் எழுதினேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு, அரசாங்க உரம் தரும் கமநல நிலையத்திலிருந்து உத்தியோகத்தர் ஒருவரும் வந்திருந்தார். வழமைப்படி சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசித்தேன். உர விபரம் வாசித்த அதே குரலில் அந்த வசனத்தையும் வாசித்தேன்.

"பிள்ளை, உதுகளையுமே எழுதிறது?" என்றார் முதல் வயல்காரர்.

"நீங்கள் சொன்னதுதானே ஐயா. பிழையெண்டால் திருத்துவம்."

"நான் சும்மா சிரிக்க, பகிடிக்கெல்லோ சொன்னனான்!"

"அப்ப 'பகிடிக்கு' எண்டு அடைப்புக்குறிக்குள்ள போடட்டோ?"

மண்டபம் மறுபடி சிரித்தது. இந்தமுறை முதல் வயல்காரரின் பக்கம் பார்த்துச் சிரித்தது. உத்தியோகத்தர் கையிலிருந்த கடதாசிக் கோவையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அறிக்கை சரியென்று ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த விடயம், அன்றைக்கு அது உரம். ஒரு கையும் உயரவில்லை.

"அந்த வசனத்தை வெட்டுங்கோ பிள்ளை."

"சொன்னதை வெட்டேலாது ஐயா. வாபஸ் வாங்கினதாச் சேர்க்கலாம்."

"சரி, வாங்கிறன். உரக் கதைக்கு வாங்கோ."

'கூற்று வாபஸ் பெறப்பட்டது, பி.ப. 3.40' என்று எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. போன மாதம் தண்ணீர் கேட்டு எழும்பியவர்தான். "நான் முன்மொழியிறன். தண்ணியும் இன்னும் வரேல்லை."

உத்தியோகத்தர் முன்னிலையில் அன்றே முறை மாற்றப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் தண்ணீர் முதலில் கடைசி வயலுக்கு.

அதன்பின் மூன்று கூட்டங்களில் அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை. வாய் திறக்கமுன் என் பேனையைப் பார்த்துக்கொள்வார்கள். முதல் வயல்காரர் மட்டும், "பேனையை மூடுங்கோ, ஒண்டு சொல்லவேணும்," என்பார். மூடமாட்டேன். சொல்லமாட்டார்.

நான்காவது கூட்டத்தில் நெல் ஏற்றும் கதை வந்தது. வழமையாக எங்களிடம் நெல் எடுக்கும் முஸ்லிம் வியாபாரியின் லொறி இரண்டு நாளாக வரவில்லை. என் வீட்டு முற்றத்திலும் மூட்டைகள், மேலே மழை இருட்டு.

"அந்தத் தொப்பிபிரட்டியை நம்பினால் இப்பிடித்தான்," என்றேன்.

முஸ்லிம்களைக் கேவலப்படுத்த எங்கள் பக்கம் சொல்லும் சொல். யோசிக்காமல் வந்தது, எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் வெட்கம். முதல் வயல்காரர் கதிரையில் மெதுவாகச் சாய்ந்தார். முகத்தில் அப்படியொரு சந்தோசம்.

"செயலாளர் அம்மா, எழுதியாச்சோ?"

பேனை அசையவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எழுதினேன். சொன்னவர்: செயலாளர்.

அடுத்த மாதம் அந்த வரியையும் உர விபரம் வாசிக்கும் குரலில் தொடங்கி, அவசரமாக வாசித்து முடித்தேன்.

"பகிடிக்கோ, பிள்ளை?"

"இல்லை ஐயா. கோவத்தில சொன்னது. சொல்லியிருக்கக்கூடாது. வாபஸ்."

"முன்மொழியிறன்!" வசனம் முடியமுன் அவர் கை மேலே நின்றது.

வழிமொழியக் கடைசி வரிசையில் ஏழு கைகள் உயர்ந்தன. அறிக்கையில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்றேன். "நான்தான் முதல் தூக்கினனான்!" என்று ஏழு பேரும் பலத்த குரலில் சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். தலைவர் மேசையில் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒருவரும் வாய் மூடவில்லை.