குருவி பழகும்வரை

அண்ணன் அந்தக் குருவியை வாங்கி வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பச்சை உடம்பும் மஞ்சள் தலையுமாக ஒன்றே ஒன்றுதான். இருந்தாலும் திருவொற்றியூரில் எங்கள் குப்பத்தில் அதை லவ் பேர்ட்ஸ் என்று பன்மையில்தான் சொல்வோம். ஜோடியாக இருந்தால் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு நம்மைக் கண்டுகொள்ளாது, தனியாக இருந்தால்தான் கையில் வந்து உட்காரும் என்று கடைக்காரர் சொன்னாராம். அட்டைப்பெட்டியிலிருந்து கூண்டுக்குள் விட்டதும் அது பின்பக்கக் கம்பியைப் பற்றிக்கொண்டு அசையாமல் தொங்கியது. மூச்சு வாங்குவது மட்டும் கழுத்தில் தெரிந்தது.

"புது எடம்ல, பயந்துகினு கீது," என்றான் அண்ணன். "கொஞ்ச நாளைக்கு யாரும் கிட்ட போவக் கூடாது, சத்தம் போடக் கூடாது. பழகற வரைக்கும் நீதான் பாத்துக்கணும், இன்னா?"

அம்மாவின் பழைய புடவை ஒன்றைக் கிழித்துக் கூண்டின் மூன்று பக்கமும் கட்டினோம். அடுப்புப் புகை எட்டாத, காக்கா வந்து கொத்தாத இடமாகப் பார்த்து ஜன்னலுக்கு உள்பக்கம் ஆணியடித்து மாட்டினான். ஒரு கிண்ணத்தில் தினை, இன்னொன்றில் தண்ணீர். அதன் பிறகு நான் வீட்டுக்குச் சட்டம் போட்டேன். டிவி சத்தமில்லாமல்தான் ஓட வேண்டும். பாத்திரத்தைத் தடாலென்று வைக்கக் கூடாது. யாரும் கத்தவே கூடாது.

"இன்னாமா இது, வூடா ஆஸ்பத்திரியா?" என்றார் நைனா. ஆனால் நான் சொன்னதை அவர் தட்டியதே கிடையாது. அம்மா பாடுதான் கஷ்டம். நாள் முழுக்கக் கூவி மீன் விற்கிறவள். அவள் ரகசியம் பேசினால்கூட எதிர்வீட்டுக்காரி பதில் சொல்வாள். சாலையில் கன்டெய்னர் லாரிகள் அடிக்கும் ஹாரனை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சாயங்காலமானால் சண்டை. அண்ணன் வெல்டிங் படித்துவிட்டு துபாய்க்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தான். நைனாவுக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு இருந்தது. ஒரே மகன் தன்னோடு கடலுக்கு வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். தட்டில் சோறு விழுந்ததும் ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர் எகிறுவார், பாதிச் சாப்பாட்டில் யாராவது எழுந்து போவார்.

குருவி வந்த அன்றும் அண்ணன், "நைனா, ஏஜென்ட்டு போன் பண்ணாரு..." என்று தொடங்கினான்.

"எவன்டா அவன்..." என்று நைனா குரலை உயர்த்தினார்.

நான் உதட்டில் விரலை வைத்து, மறுகையால் கூண்டைக் காட்டினேன். நைனா கூண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திறந்த வாயில் சோற்றை வைத்துக்கொண்டார். அண்ணன் சிரிப்பை அடக்கினான். நெடுநாளைக்குப் பிறகு எல்லோரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். யாரும் பார்க்காதபோது குருவி தின்கிறது என்பதை, கிண்ணத்தில் கிடந்த உமியை ஊதிக் காட்டி அண்ணன் எனக்குப் புரியவைத்தான். பிறகு அது கம்பியை விட்டுவிட்டுக் குச்சியில் வந்து உட்கார்ந்தது. நான் புடவைத் துணியை ஒவ்வொரு பக்கமாக அவிழ்த்தேன். நைனா கடலிலிருந்து வந்ததும், முகம்கூடக் கழுவாமல், "உன் குருவி துன்னுச்சாமா?" என்று கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் நீட்டிய தினைக்கதிரை அது கம்பிக்கு நடுவே தலையை விட்டுக் கொறித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், "பழகிடுச்சு! இனிமே எல்லாரும் கத்தலாம்," என்று அறிவித்தேன்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நைனாவும் சிரித்தார். ஆனால் யாரும் கத்தவில்லை. நைனா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். எங்கள் வீட்டில் சண்டை தீர்ந்துவிட்டது, எல்லாம் குருவி வந்த ராசி என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நாட்களில் அவர்கள் இருவரும் என்ன நினைத்திருந்தார்கள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பையன் பேச்சையே எடுப்பதில்லை, மனசு மாறிவிட்டான் என்று நைனா அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறார். அவனுக்கென்று புது வலைகூடப் பார்த்துவைத்திருக்கிறார். நைனாவின் காரியத்துக்கு வந்தபோது அண்ணன் என்னிடம் சொன்னது வேறு. "அவரு கத்தறத நிறுத்துனதும், சரி போவட்டும்னு வுட்டுட்டாருன்னு நெனச்சேன் பாப்பா." அதை நம்பித்தான் ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருக்கிறான்.

விசா வந்துவிட்டது என்று அவன் சொன்ன அன்று, நைனா கத்தப்போகிறார் என்று நான் கூண்டின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் கத்தவில்லை. "எல்லாம் முட்ச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"முட்ச்சிட்டேன் நைனா."

"சரி."

அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். பிறகு வந்த வருஷங்களில் அண்ணனிடமிருந்து போன் வந்தால், "ஒடம்பு எப்டி கீதுன்னு கேளு," என்று அம்மாவிடம் சொல்வார். தான் வாங்கிப் பேச மாட்டார். குருவி இருந்தவரை அதற்குத் தினை போட்டதும் தண்ணீர் மாற்றியதும் அவர்தான்.

அண்ணன் கிளம்பிய மத்தியானம் ஆட்டோ வந்து வாசலில் நின்றது. அம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நைனா கதவோரம் கையைக் கட்டி நின்றார். அண்ணன் படியில் உட்கார்ந்து ஷூவைக் கட்டினான். கட்டியதை அவிழ்த்தான், மறுபடி கட்டினான். நடுநடுவே தலையைத் தூக்கி நைனாவைப் பார்த்தான்.

"நேரமாவுது, கெளம்பு," என்றார் நைனா.

அண்ணன் அடுத்த கால் ஷூவையும் அவிழ்த்தான். புது ஷூ, பாவம், அவனுக்குக் கட்டத் தெரியவில்லை என்று நினைத்தேன். ஓடிப்போய் அவன் முன்னால் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி, அவிழாமலிருக்க இரண்டு முடிச்சு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன்.