ஆர்னெட்டாவின் இரண்டாம் குரல்

அமெரிக்காவில் வள்ளிக்கு முதலில் பிடிபட்ட இங்கிலீஷ் ஒரு பாட்டுதான். அதுவும் தரைக்கு அடியிலிருந்து வந்த பாட்டு.

ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயருக்குப் பக்கத்தில், ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிற ஒரு பழைய செங்கல் கட்டடம். மூன்றாவது மாடியில் நாங்கள். எதிர்வீட்டில் வள்ளியும் அவள் புருஷன் திருமூர்த்தியும். இரண்டு பேரும் உடுமலைப்பேட்டைக்காரர்கள். அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில் ஒரு வங்கிக்கு கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். அவளுக்கு இருந்ததோ வேலைக்குப் போகக்கூடாத விசா. கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கிய பெண், பகல் முழுக்க அறையைச் சூடாக்குகிற ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1997-ல் அந்தக் கட்டடத்தில் அப்படி ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான், அதனால் அவர்கள் எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டேன்.

"அக்கா, கீழ் வீட்டம்மா ஏன் தெனமும் அதே பாட்டைத் தப்பாவே பாடறாங்க?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

கீழ் வீட்டம்மாவின் பெயர் ஆர்னெட்டா. கறுப்பினப் பெண்மணி, தனிக்கட்டை, ஐம்பதைத் தாண்டிய வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று நின்று கால் வீங்கி, வேலையை விட்டவர். சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஒரே பாட்டுள்ள ஒரு சின்ன இசைத்தட்டைப் போடுவார். கைதட்டலோடு துள்ளுகிற மெட்டு. மூன்று பெண்கள் பாடுவார்கள். அவர்களுக்கு மேலே இவரும் சத்தமாகப் பாடுவார். ஆனால் மெட்டு ஒரு வழியில் போனால் இவர் குரல் கொஞ்சம் கீழே, வேறொரு வழியில் போகும். சுருதி சேராமல் பாடுகிறார் என்று வள்ளி நினைத்தாள். "அந்தம்மாவுக்குக் காது கேக்காதுன்னு நெனக்கறேன்" என்றான் திருமூர்த்தி. இவனே குளியலறையில் பாடினால் பூனை ஓடும்.

துணி துவைக்கிற மெஷின்கள் இருந்த பேஸ்மென்டில்தான் இரண்டு பெண்களும் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வள்ளி தன் அரைகுறை இங்கிலீஷில் பாட்டைப் பற்றிக் கேட்டாள். ஆர்னெட்டா சிரித்துவிட்டு அவளைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய் அந்தத் தட்டின் உறையைக் காட்டினார். ஆரஞ்சு நிறத் தொளதொளக் கால்சட்டையில் மூன்று இளம்பெண்கள். நடுவில் நிற்கிறவள் ராணி மாதிரி. இடது ஓரத்தில் நிற்பவளின் பாதி முகத்தைக் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு மறைத்திருந்தது. அந்தப் பாதி முகம்தான் ஆர்னெட்டா.

பக்கத்து ஊரான நூவர்க்கில் ஒரு சர்ச்சில் சேர்ந்து பாடியவர்கள். அந்த ஊர் ஆற்றின் பேரில் பேசைக் த்ரீ என்று பெயர் வைத்துக்கொண்டார்களாம். எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் அந்த ஒரு பாட்டு நாடு முழுக்கக் கார் ரேடியோக்களில் ஓடியது. பஸ்ஸில் ஊர் ஊராகப் போனார்கள். அடுத்த பாட்டை யாரும் கேட்கவில்லை. நடுவில் நின்றவள் தனியாகப் பாடப்போகிறேன் என்று கலிஃபோர்னியா போய்விட்டாள், இன்னொருத்தி செத்துப்போனாள். மிஞ்சியது இவரும் தட்டும்.

"எல்லாரும் முதல் குரலைத்தான் பாடுவாங்க. நான் ரெண்டாவது குரல். நான் தரை. தரையை யாரும் பார்க்கமாட்டாங்க, ஆனா அது மேலேதான் எல்லாரும் ஆடுவாங்க" என்று சொன்னாராம்.

வள்ளிக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு குரல் இரண்டு வழியில் போய்ச் சேர்ந்து நிற்பது நம் காதுக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். எங்களிடம் வந்து, "அக்கா, அது தப்பில்லீங்க, அதுதான் அவங்க பாட்டு" என்று ஏதோ புதையல் கிடைத்ததுபோல் சொன்னாள். அன்றிலிருந்து காய் நறுக்கிக்கொண்டே தரைக்குக் காது கொடுப்பாள். பாட்டின் அர்த்தமும் மெல்லப் பிடிபட்டது. மெட்டுதான் குதித்தது, வார்த்தை அப்படியில்லை. வீட்டை விட்டுக் கிளம்பிய ஒரு பெண் பாடுகிறாள்: பாதி வழி வந்துவிட்டேன், என்னைத் திரும்பிப் போகச் சொல்லாதே. எங்களில் யாருக்கு அது பொருந்தாது?

இன்னும் இரண்டு விஷயங்களை வள்ளி அந்த வீட்டில் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று, அந்த ரெக்கார்ட் பிளேயர். அதில் ஒரு சின்னக் கை உண்டு. அதை ஒதுக்கிவிட்டால் தட்டு முடிந்ததும் ஊசி தானாகவே திரும்பிப்போய் முதலிலிருந்து ஆரம்பிக்கும். யாராவது எழுந்துபோய் நிறுத்தினால்தான் நிற்கும். ஆர்னெட்டா இரண்டு முறை பாடிவிட்டு எழுந்து நிறுத்துவார். மற்றொன்று, பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கை நடுங்கும், நெற்றி வேர்க்கும். உடனே பையிலிருந்து ஒரு ஆரஞ்சு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். வள்ளியின் அப்பாவுக்கும் சர்க்கரை. ஒருமுறை அவர் தோட்டத்தில் சுருண்டு விழுந்து, வாயில் வெல்லத்தைத் திணித்து எழுப்பியிருக்கிறார்கள். அதனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது என்பதுதான் அந்த நடுக்கத்துக்கு அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்ததுதான் பின்னால் அவளைப் பாடாய்ப் படுத்தியது.

நடுவில் அந்த நவம்பர் மாதக் கூத்து. வள்ளியின் அக்கா டெல்லியில் இருந்தாள். டெல்லிக்கு போன் போட வேண்டுமென்றால் முதலில் 011, பிறகு நாட்டுக்கு 91, பிறகு ஊருக்கு 11. அக்காவுக்குக் குழந்தை பிறந்த அவசரத்தில் வள்ளி முதல் மூன்று எண்ணை மறந்துவிட்டு நேராக 91, 11 என்று அழுத்தினாள். அமெரிக்காவில் 911 யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண் குரல் என்ன ஆபத்து என்று கேட்டதும் பயந்துபோய் போனை வைத்துவிட்டாள். வைத்தால் விடுவார்களா? கொஞ்ச நேரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் கதவைத் தட்டினார்கள். அவளைத் தனியே நிறுத்தி, புருஷன் அடிக்கிறானா என்று கேட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் திருமூர்த்தி படியேறி வர, அவனை வராந்தாவிலேயே நிறுத்திக் கையைத் தெரிகிறமாதிரி வைக்கச் சொன்னார்கள். கட்டடமே கதவைத் திறந்து வேடிக்கை பார்த்தது.

அவன் மானம் போய்விட்டது. "கிரீன் கார்டு ஃபைல் அங்க கெடக்குது. போலீஸ் கம்ப்யூட்டர்ல எம்பேரு ஏறுச்சுன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். இனிமே இந்த வீட்டு வாசலுக்குப் போலீஸ் வரக்கூடாது, ஆமா" என்றான். தப்பாகச் சுற்றிய ஒரு போனுக்காக எந்த அரசாங்கமும் யார் ஃபைலையும் மூடாது. ஆனால் அந்தக் காலத்தில் நம் ஆட்களுக்கு கிரீன் கார்டு என்றால் தூக்கத்திலும் பயம்தான். ஆளாளுக்கு ஒரு கதை சொல்லி அவளை இன்னும் பயமுறுத்தினார்கள். வள்ளி அதற்குப் பிறகு போனைத் தொடும்போதே சாமி கும்பிட்டாள்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. பனி கொட்டி, நாலு மணிக்கே வானம் இருண்டிருந்தது. நான் ஆபீசில் இருந்தேன். மற்றதெல்லாம் வள்ளி சொல்லித் தெரிந்தது.

வழக்கம்போல் பாட்டு ஆரம்பித்தது. கைதட்டல், மூன்று பெண்கள், துள்ளல். ஏதோ ஒன்று சரியில்லை என்று வள்ளிக்குப் பட்டது. என்னவென்று உடனே தெரியவில்லை. பிறகு புரிந்தது. பாட்டு சுத்தமாக இருந்தது. அந்த இன்னொரு குரல் இல்லை.

பாட்டு முடிந்தது. ஊசி திரும்பிப் போகிற சத்தம். மறுபடியும் கைதட்டல். முடிந்தது. மறுபடியும். வள்ளி அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே ஓடினாள். கதவைத் தட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளேயிருந்து அந்தப் பெண்கள் சந்தோஷமாக, பாதி வழி வந்துவிட்டேன், திரும்பிப் போகச் சொல்லாதே என்றார்கள். கதவு பூட்டியிருந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சூப்பர் வீட்டு மணியை அடித்தாள், ஆள் இல்லை. அந்த மாடியில் பக்கத்து வீடுகளில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கட்டடத்தில் மற்ற பெண்களைக் கூப்பிட்டாலோ, போலீஸ் என்றதும் மறுபடி கிரீன் கார்டு கதைதான் சொல்வார்கள். மேலே வந்து திருமூர்த்திக்கு போன் போட்டாள்.

"ஏனுங்க, கீழ் வீட்டம்மா கதவைத் தொறக்க மாட்டேங்கறாங்க. பாட்டு மட்டும் ஓடிக்கிட்டே இருக்குது. அவங்க குரலையே காணோமுங்க."

"தூங்கியிருப்பாங்க."

"பாட்டைப் போட்டுட்டா தூங்குவாங்க? அவங்களுக்கு சுகருங்க."

"வள்ளி, மீட்டிங்ல இருக்கேன். நான் வந்து பாக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்த நம்பரைப் போட்றாத. இப்பத்தான் ஃபைல் நகர்ந்திருக்குது."

வைத்துவிட்டான். வள்ளி தரையில் உட்கார்ந்தாள். ஆயுசில் அவ்வளவு பயந்ததில்லை என்று சொல்லியிருக்கிறாள். கீழே ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிறது, மேலே இவள் உட்கார்ந்து புருஷன் வருகிற ரயிலுக்குக் காத்திருக்கிறாள். ஜன்னல் கறுத்தது. ரேடியேட்டர் டக்டக்கென்று தட்டியது. பாட்டு முடியும்போதெல்லாம், இந்த முறை யாராவது எழுந்து நிறுத்திவிடுவார்கள் என்று மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஊசி திரும்பிப் போகும். கைதட்டல் வரும். அந்தக் கைதட்டல் அவளைப் பார்த்துத் தட்டுவதுபோல் இருந்ததாம்.

அப்போதுதான் அவளுக்கு நவம்பர் ஞாபகம் வந்தது. அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. போனை வைத்துவிட்டாள். ஆனாலும் வந்தார்கள். அப்படியென்றால் இன்றும் வருவார்கள். கேட்டால், டெல்லிக்கு போட்டேன், கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். புருஷனிடமும் அதையே சொல்லலாம்.

போனை எடுத்தாள். 91, 11. மணி அடித்ததும் வைத்துவிட்டாள்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் போன முறையும் வந்தவர். இந்தியாவுக்குப் போட்டாயா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வள்ளி விரலால் தரையைக் காட்டினாள். அவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். தரைக்கு அடியில் கைதட்டல் மறுபடி ஆரம்பித்தது.

கதவை உடைத்தார்கள். ஆர்னெட்டா பிளேயருக்கும் நாற்காலிக்கும் நடுவில் கிடந்தார். கைக்கு எட்டாத தூரத்தில் மிட்டாய்ப் பை. ஒரு போலீஸ்காரர் எட்டிப் பாட்டை நிறுத்தினார். அந்த நிசப்தம்தான் பாட்டைவிடப் பயங்கரமாக இருந்தது என்பாள் வள்ளி. ஆம்புலன்ஸ்காரர்கள் ஊசி போட்டு, மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். ஆக்சிஜன் வைத்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், வள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் போலீஸ்காரர் தன்மையாகத்தான் கேட்டார்: இந்தப் பாட்டு எப்போதிலிருந்து ஓடுகிறது?

நாலு மணியிலிருந்து என்றாள். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரை.

ஸ்ட்ரெச்சர் இறங்கும்போது திருமூர்த்தி படியேறி வந்தான். வாசலில் போலீஸ் வண்டியைப் பார்த்ததிலேயே முகம் வெளுத்திருந்தது. போலீஸ்காரருக்குக் கேட்காதபடி, "மறுபடியும் டெல்லிக்குப் போட்டுட்டியா?" என்று தமிழில் கேட்டான். அவன் குரலில் கெஞ்சல்தான் இருந்தது. ஆமாம் என்று சொல் என்கிற கெஞ்சல்.

"இல்லீங்க. 911-க்குத்தான் போட்டேன். ரெண்டு மணி நேரம் முன்னாடியே போட்டிருக்கணும்" என்றாள் வள்ளி.

ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷத்தில் கிரீன் கார்டு வந்தது. இப்போது கலிஃபோர்னியாவில் பிளசன்டனில் தோட்டம் வைத்த வீடு, வள்ளி பள்ளியில் கணக்கு டீச்சர். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

ஆர்னெட்டா பிழைத்தார். மார்ச் மாதம் வீட்டுக்கு வந்தார். பேச்சு கொஞ்சம் குழறியது, வார்த்தைகளைத் தேடினார். மூளைக்குச் சர்க்கரை போகாமல் கிடந்த நேரம் அதிகம் என்றார்களாம் ஆஸ்பத்திரியில். அந்த ஞாயிற்றுக்கிழமையே நாலு மணிக்குக் கீழே கைதட்டல் கேட்டது. வள்ளி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். நானும் அன்று அவள் வீட்டில் இருந்தேன்.

ஆர்னெட்டா பாடினார். ஊரெல்லாம் பாடுகிற முதல் குரலை, மெட்டோடு ஒட்டி, பிசகாமல் பாடினார். கீழே தனியாகப் போகிற அந்த வழி அவருக்கு மறந்துபோயிருந்தது. மறந்தது அவருக்குத் தெரியுமா என்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த திருமூர்த்தி தலையை நிமிர்த்தினான். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னான்.

"பரவால்லையே. இப்பத்தான் அந்தம்மா சுருதி சேந்து பாடறாங்க."

வள்ளி எழுந்துபோய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். பாட்டு முடிகிறவரை தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.